வாயில் திறப்போரும் வழிகாட்டுவோரும்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பை முடித்ததும் எங்கே செல்வது என்னும் வினா ஒவ்வொரு மாணவர் முன்பும் நிற்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவருக்கும், நாற்பது வயதில் வேலையை இழந்தவருக்கும் அதே வினா இன்னும் கூர்மையாக எழுகிறது. அத்தகையோர்க்கு வழிகாட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களும், அவர்கள் பயிலும் நிறுவனங்களுக்குத் தலைமையேற்போரும் அயர்லாந்து நாட்டின் கல்வியில் தனியிடம் பெற்றுள்ளனர். அவர்தம் பணியின் இயல்பையும், அப்பணியில் எழும் அறச்சிக்கலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆறும் ஆற்றுப்படுத்தலும்

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையுடன் வரும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்று வந்த வழியைக் கூறி, வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. 'ஆறு' என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழிப்படுத்துதல். கல்வி ஆலோசனை, மன ஆலோசனை ஆகியவற்றைக் குறிக்கவும் இச்சொல் இன்று வழங்குகிறது.

ஆற்றுப்படையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. வழி கூறுபவன் எதிரே வந்தவனைத் தோளில் சுமந்து செல்வதில்லை. நடப்பவன் தானே நடக்க வேண்டும். மேலும், வழி கூறுவதனால் அவனுக்குப் புதிய பரிசில் ஏதும் கிடைப்பதில்லை. தன் பயன் கருதாது பிறர் பயன் கருதிச் சொல்வதனாலேயே அவன் சொல் நம்பத்தக்கதாகிறது. இவ்விரு பண்புகளும் இன்றைய வழிகாட்டல் பணிக்கும் அடிப்படைகளாகும். அவற்றைக் காப்பது எத்துணை அரிது என்பதை அயர்லாந்தின் தொடர்கல்வி வரலாறு காட்டுகிறது.

இரண்டாம் தரமாக எண்ணப்பட்ட கல்வி

அயர்லாந்து, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 51 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் சிறிய நாடு. அந்நாட்டில் பள்ளிக் கல்விக்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் இடையிலும், அவற்றுக்கு வெளியிலும் அமைந்த கல்வியைத் 'தொடர்கல்வியும் பயிற்சியும்' என்று அழைக்கின்றனர். எழுத்தறிவு வகுப்புகள், தொழிற்பழகுநர் பயிற்சி, பள்ளியிறுதிக்குப் பிந்தைய ஓராண்டு, ஈராண்டுப் படிப்புகள், வேலையற்றோர்க்கான பயிற்சிகள், பள்ளியை இடையில் விட்ட இளைஞர்க்கான மையங்கள் ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும்.

இக்கல்வியின் வேர் 1930ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டத்தில் உள்ளது. அச்சட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 38 தொழிற்கல்விக் குழுக்கள் தோன்றின. அவை நடத்திய பள்ளிகளை மக்கள் சுருக்கமாக 'டெக்' என்று அழைத்தனர். அங்கே தச்சு, உலோக வேலை, மனையியல், வணிகப் பாடங்கள் முதலியன கற்பிக்கப்பட்டன. திருச்சபைகள் நடத்திய இடைநிலைப் பள்ளிகளே பல்கலைக்கழகத்துக்கும் அரசுப் பணிகளுக்கும் இட்டுச் சென்றன. தொழிற்பள்ளி மாணவர்கள் 1960களின் பிற்பகுதி வரை 'லீவிங் செர்ட்டிபிகேட்' எனப்படும் பள்ளியிறுதித் தேர்வை எழுத இயலாத நிலை இருந்தது. கையால் உழைப்போர்க்கு ஒரு பள்ளி, கருத்தால் உழைப்போர்க்கு மற்றொரு பள்ளி எனச் சமூகம் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது.

இடைநிலைக் கல்விக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தமையால், ஏழைப் பிள்ளைகள் பலர் தொடக்கக் கல்வியுடன் நின்றனர். 1966இல் கல்வி அமைச்சர் டொனா ஒ'மாலி கட்டணமில்லா இடைநிலைக் கல்வியை அறிவித்தார். மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. இளையோர்க்குக் கதவு திறந்தது. ஆனால் அதற்கு முன்பே பள்ளியை விட்டு வயல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிட்ட ஒரு தலைமுறை அக்கதவுக்கு வெளியிலேயே நின்றது.

எண்ணிக்கை உணர்த்திய உண்மை

வெளியில் நின்றவர்களைப் பற்றி முதலில் கவலைகொண்டவை தன்னார்வ அமைப்புகளே. 1969இல் வயது வந்தோர் கல்விக்கான தேசிய அமைப்பாக 'ஏன்டஸ்' தோன்றியது. ஐரிஷ் மொழியில் அச்சொல்லுக்கு ஒன்றியம் என்பது பொருள். 1980இல் தேசிய வயது வந்தோர் எழுத்தறிவு முகமை உருவாயிற்று. தன்னார்வ ஆசிரியர் ஒருவர், கற்க வந்த ஒருவருடன் தனியே அமர்ந்து எழுத்தைக் கற்பிக்கும் முறை பரவியது. தொழிற்கல்விக் குழுக்களில் வயது வந்தோர் கல்வி அமைப்பாளர் என்னும் பணியிடங்கள் 1979 முதல் ஏற்பட்டன. எங்கே எவருக்கு எக்கல்வி தேவை என்று கண்டறிவதும், அதற்கேற்ற வகுப்பைத் தொடங்குவதும் அவர்தம் பணி.

1980களில் அயர்லாந்தை வேலையின்மை வாட்டியது. 1985இல் பள்ளியிறுதிக்குப் பிந்தைய தொழிற்படிப்புகள் தொடங்கின. அப்பத்தாண்டின் இறுதியில், பள்ளியை இடையில் விட்ட 15 முதல் 20 வயது வரையுள்ள இளைஞர்க்காக 'யூத்ரீச்' திட்டமும், 21 வயது நிரம்பிய வேலையற்றோர்க்காகத் தொழிற்பயிற்சி வாய்ப்புத் திட்டமும் வந்தன.

ஆயினும் சிக்கலின் முழு அளவு 1990களில்தான் வெளிப்பட்டது. 1995இல் அந்நாட்டில் பன்னாட்டு எழுத்தறிவு ஆய்வு நடத்தப்பட்டது. வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறிவின் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பதை அதன் முடிவு காட்டியது. மருந்துப் புட்டியின் மேலுள்ள அறிவுரையைப் படித்துப் புரிந்துகொள்வதே அந்நிலையினர்க்குக் கடினம். இலக்கியத்தில் நோபல் பரிசு பெற்றோர் பலரைத் தந்த நாடு இந்த எண்ணிக்கையைக் கண்டு திகைத்தது.

அரசு 2000ஆம் ஆண்டில் வயது வந்தோர் கல்வி குறித்த தன் முதல் வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அதையொட்டியே வயது வந்தோர்க்கான கல்வி வழிகாட்டல் திட்டமும் நாடெங்கும் வளர்ந்தது. வகுப்புகளைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, அவற்றுக்குள் வரத் தயங்குவோரை அறிந்து அழைத்துவர ஆள் வேண்டும் என்பதை அரசு உணர்ந்ததன் விளைவே அத்திட்டம்.

தெரிந்து தெளிவோம்

2000ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பொதுத்துறைத் தொலைக்காட்சியில் எழுத்தறிவுத் தொடர் ஒன்று ஒளிபரப்பானது. வகுப்புக்கு வர நாணியவர்கள் வீட்டிலிருந்தபடியே கற்பதற்கு அது துணை செய்தது. ஐயம் கேட்கக் கட்டணமில்லாத் தொலைபேசி வசதியும் அளிக்கப்பட்டது. முகம் தெரியாத குரலிடம் பேசுவது பலருக்கு முதல் படியாக அமைந்தது.

பத்துப் படிகள்

வழிகாட்டுவோர்க்கு வரைபடம் ஒன்று தேவை. அயர்லாந்தில் 2003இல் அறிமுகமான தேசியத் தகுதிக் கட்டமைப்பு அத்தகைய வரைபடமாக அமைந்தது. அது கல்வித் தகுதிகள் அனைத்தையும் பத்து நிலைகளில் அடுக்குகிறது. முதலிரு நிலைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் சார்ந்தவை. பள்ளியிறுதிச் சான்று நான்காம், ஐந்தாம் நிலைகளில் இடம்பெறுகிறது. எட்டாம் நிலை சிறப்பு இளநிலைப் பட்டம். பத்தாம் நிலை முனைவர் பட்டம். தொடர்கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் நிலை தொடங்கி ஆறாம் நிலை வரையிலான கல்வியை வழங்குகின்றன.

இக்கட்டமைப்பின் சிறப்பு எண்களில் மட்டும் இல்லை. முதல் நிலையில் நிற்பவரும் பத்தாம் நிலையில் நிற்பவரும் ஒரே ஏணியில் நிற்கின்றனர் என்னும் கருத்தை அது நிலைநாட்டியது. 'டெக்' என்று தாழ்த்தி எண்ணப்பட்ட கல்விக்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் இடையே படிகள் அமைந்தன. ஐந்தாம், ஆறாம் நிலைச் சான்று பெற்றவர் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியிறுதித் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாத மாணவர்க்கு இது இரண்டாம் வழியாயிற்று.

டப்ளின் நகரின் மேற்குப் பகுதியில் உள்ள பாலிஃபெர்மட், உழைக்கும் மக்கள் மிகுந்த புறநகர். அங்குள்ள தொடர்கல்விக் கல்லூரியில் இயங்குபடக் கலை கற்பிக்கப்பட்டு வருகிறது. அங்கே பயின்ற டாம் மூர், நோரா டூமி ஆகியோர் பால் யங் என்பவருடன் இணைந்து 1999இல் கில்கென்னி நகரில் 'கார்ட்டூன் சலூன்' என்னும் படநிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் உருவாக்கி 2009இல் வெளியான 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தொடர்கல்வி என்பது தோற்றவர்களின் புகலிடம் என்னும் எண்ணத்தை இத்தகைய சான்றுகள் மாற்றின.

வழிகாட்டுநரின் பணி

அயர்லாந்தின் 1998ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், மாணவர்கள் தங்கள் கல்வியையும் தொழிலையும் தேர்ந்தெடுக்கத் தக்க வழிகாட்டலைப் பெறச் செய்வது பள்ளியின் கடமை என்று வரையறுத்தது. பள்ளிக்கு வெளியே உள்ள வயது வந்தோர்க்கு வழிகாட்டல் சேவை மையங்கள் அக்கடமையை ஆற்றுகின்றன. அங்கே ஆலோசகரும், படிப்புகள், உதவித்தொகைகள் பற்றிய செய்திகளைத் திரட்டித் தரும் தகவல் அலுவலரும் பணியாற்றுகின்றனர். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பேசப்படுவது மறைவாகக் காக்கப்படுகிறது. படிப்பில் சேரும் முன்பும், படிக்கும் போதும், படிப்பை விட்டு வெளியேறும் போதும் ஆலோசகரை நாடலாம்.

இப்பணியின் நுட்பத்தை ஒரு கற்பனைச் சூழலால் விளக்கலாம். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் கணினிப் படிப்பு பற்றி விசாரிக்க மையத்துக்கு வருகிறார் எனக் கொள்வோம். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர் அவர். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்ததும் அவர் தயங்குகிறார். "கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பித் தருகிறேன்" என்கிறார்.

பயிற்சி பெற்ற ஆலோசகர்க்கு அச்சொற்களின் உட்பொருள் புலப்படக்கூடும். படிக்க இயலாமையை மறைப்போர் பலர் கூறும் காரணம் அது. ஆனால் "உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று அவர் கேட்பதில்லை. அவ்வினா, பல ஆண்டுத் தயக்கத்தைக் கடந்து வந்தவரை வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடும். "படிவத்தை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். முன்பு என்னென்ன வேலைகள் செய்தீர்கள், சொல்லுங்கள்" என்று பேச்சைத் தொடங்குகிறார். முப்பது ஆண்டுகள் குடும்பக் கணக்கை நடத்தியதும், முதியோரைப் பேணியதும், ஊர் விழாவை ஒழுங்கு செய்ததும் அப்பேச்சில் வெளிவருகின்றன. தமக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணி வந்தவர், தாம் அறிந்தவற்றின் பட்டியலைத் தம் காதாலேயே கேட்கிறார்.

உரிய வேளையில் எழுத்தறிவு வகுப்பு பற்றியும் ஆலோசகர் கூறுகிறார். கணினிப் படிப்பில் உடனே சேர்ந்தால் எழக்கூடிய இடர்களையும், ஓராண்டு காத்திருந்தால் ஏற்படும் நன்மை தீமைகளையும் மறைக்காமல் எடுத்துரைக்கிறார். முடிவை மட்டும் அவர் எடுப்பதில்லை. அது அப்பெண்மணிக்கு உரியது.

தலைமையேற்போரின் பணி

2013ஆம் ஆண்டு தொடர்கல்வியின் அமைப்பையே மாற்றியது. அப்போது இருந்த 33 தொழிற்கல்விக் குழுக்கள் ஒன்றிணைக்கப்பட்டு, 16 கல்வி பயிற்சி வாரியங்கள் உருவாயின. அதே ஆண்டு அக்டோபரில் தொடர்கல்விக்கான நிதியையும் திட்டமிடலையும் ஏற்கும் தேசிய அமைப்பாகச் 'சொலஸ்' தோன்றியது. ஐரிஷ் மொழியில் அச்சொல் ஒளியைக் குறிக்கும். அதற்கு முன்பு பயிற்சித் துறையை நடத்திய தேசிய நிறுவனம் கலைக்கப்பட்டது. அதன் செலவினங்கள் குறித்து 2008இல் எழுந்த கண்டனத்தால் தலைமை இயக்குநர் பதவி விலக நேர்ந்திருந்தது. பொதுப்பணத்தைக் கையாளும் தலைமை நம்பிக்கையை இழந்தால் நிறுவனமே நிலைக்காது என்பதற்கு அது பாடமாயிற்று.

ஒவ்வொரு வாரியத்திலும் 21 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களுள் 12 பேர் உள்ளாட்சி மன்றங்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பெற்றோர், பணியாளர் ஆகியோரின் சார்பாளர்களும் தொழில்துறை, கற்போர் முதலிய தரப்பினரும் எஞ்சிய இடங்களில் அமர்கின்றனர். வாரியத்தின் அன்றாடப் பணிகளுக்குத் தலைமை நிர்வாகி பொறுப்பேற்கிறார். அவருக்குக் கீழே தொடர்கல்வி, பயிற்சி இயக்குநர் செயல்படுகிறார். கல்லூரி முதல்வர், பயிற்சி மைய மேலாளர், வயது வந்தோர் கல்வி அமைப்பாளர், எழுத்தறிவு அமைப்பாளர், 'யூத்ரீச்' ஒருங்கிணைப்பாளர் ஆகியோர் அடுத்தடுத்த பொறுப்புகளில் உள்ளனர்.

இப்பொறுப்புகளுக்கு வருவோர் பலர் வகுப்பறையிலிருந்து தொடங்குகின்றனர். பயிற்றுநராகப் பணியாற்றி, ஒரு திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகி, பின்னர் மையத்தை நடத்துகின்றனர். கற்போரின் தயக்கத்தை நேரில் கண்டவர், கட்டணம் விதிக்கும்போதும் நேர அட்டவணை வகுக்கும்போதும் அதை மறப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்கினால் குழந்தையைப் பள்ளியில் விட்டுவரும் தாயால் வர இயலுமா, ஊர்ப் பேருந்து எப்போது வரும் என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். கல்வி ஒருவருக்குக் கிட்டுமா கிட்டாதா என்பதை அவையே முடிவு செய்கின்றன. பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்புகளுக்கு மாணவர் செலுத்திய 200 யூரோ கட்டணம் 2022இல் நீக்கப்பட்டதும் இத்தகைய வாயில் திறப்பே.

இருபணிக்கும் இடையே எழும் உரசல்

தலைமையும் வழிகாட்டலும் ஒரே நோக்கம் கொண்டவை. ஆயினும் நடைமுறையில் அவற்றுக்கிடையே உரசல் எழுவதுண்டு. முன்னர்க் கண்ட கற்பனைச் சூழலையே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

அக்கணினிப் படிப்பில் இன்னும் இரண்டு இடங்கள் நிரம்பவில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர் சேராவிட்டால் அவ்வகுப்பு நடவாது. வகுப்பு நடவாவிட்டால் ஏற்கெனவே சேர்ந்த பத்துப் பேரின் ஆண்டு வீணாகும். பகுதிநேர ஆசிரியர் ஒருவரின் வேலையும் போகும். சேர்க்கை, படிப்பு நிறைவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு இலக்குகள் வகுத்துச் சொலஸும் வாரியங்களும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எனவே முதல்வரின் கவலை நியாயமானது. "வந்தவரைச் சேர்த்துக்கொள்ளலாமே!" என்று அவர் ஆலோசகரிடம் கேட்பது தன்னலத்தால் அன்று.

ஆலோசகரின் கவலையும் நியாயமானதே. ஆயத்தமில்லாமல் சேரும் அப்பெண்மணி நான்கு வாரங்களில் நின்றுவிடக்கூடும். பதினான்கு வயதில் ஒருமுறை கல்வியில் தோற்றதாக எண்ணியவர், நாற்பத்தாறு வயதில் மறுமுறையும் தோற்றதாக எண்ணுவார். மூன்றாம் முறை அவர் வாயிலுக்கு வரமாட்டார். வழிகாட்டுநரின் சொல் இருக்கையை நிரப்புவதற்கான சொல்லாக மாறிய நாளில் அது தன் மதிப்பை இழந்துவிடுகிறது. இதனாலேயே சார்பின்மை, கற்போரை மையப்படுத்தல் ஆகிய இரண்டும் வழிகாட்டல் பணியின் உயிர்க்கொள்கைகளாகப் போற்றப்படுகின்றன. ஓர் ஆலோசகர், தம் நிறுவனத்தில் இடம் காலியாக இருக்கும்போதும், "உங்களுக்கு ஏற்ற படிப்பு பக்கத்து ஊரில் இருக்கிறது" என்று கூறும் உரிமை பெற்றிருக்க வேண்டும்.

இவ்வுரசலைத் தீர்ப்பது தலைமையின் திறத்தைப் பொறுத்தது. ஆலோசகரை வற்புறுத்துவது எளிய வழி. ஆனால் அவ்வழியில் நம்பிக்கை அழியும். கற்போரை நிறுவனத்துக்கு ஏற்ப வளைக்காமல், நிறுவனத்தைக் கற்போர்க்கு ஏற்ப மாற்றுவதே சிறந்த வழி. தொழிற்படிப்புக்குள்ளேயே எழுத்தறிவுத் துணையை இணைத்துக் கற்பிக்கும் முறையை அயர்லாந்தின் எழுத்தறிவு முகமை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. கணினி ஆசிரியர் பாடத்தாள்களை எளிய நடையில் அமைக்கலாம். எழுத்தறிவு ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம் உடனிருந்து உதவலாம். அவ்வாறு செய்தால் அப்பெண்மணி ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆலோசகரும் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. வகுப்பும் நடைபெறும்.

சோதனைக் காலம் கற்பித்தது

2008இல் அயர்லாந்தின் பொருளாதாரம் சரிந்தது. கட்டுமானத் தொழில் ஏறத்தாழ முடங்கியது. 2007இல் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வேலையின்மை, 2012 அளவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தொட்டது. அந்நாட்டின் தொழிற்பழகுநர் பயிற்சியில், பயில்பவர் ஒரு நிறுவனத்தில் வேலையில் இருந்துகொண்டே பணியிடத்திலும் பயிற்சி மையத்திலும் மாறி மாறிக் கற்க வேண்டும். நிறுவனங்கள் மூடப்பட்டதும் தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் ஆகப் பயின்ற ஆயிரக்கணக்கானோர் வேலையுடன் பயிற்சியையும் பாதியில் இழந்தனர்.

வழிகாட்டல் மிகத் தேவைப்பட்ட அக்காலத்தில்தான் அதற்கான வளமும் சுருங்கியது. அதுவரை பள்ளிகளில் வழிகாட்டல் ஆலோசகர்க்குத் தனியாக நேரம் ஒதுக்கப்பட்டு வந்தது. சிக்கன நடவடிக்கையாக 2012 முதல் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டது. பொதுவான ஆசிரியர் எண்ணிக்கைக்குள்ளேயே வழிகாட்டலையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை தலைமையாசிரியர்க்கு ஏற்பட்டது. கணக்குப் பாடத்துக்கு ஆசிரியரை ஒதுக்குவதா, மாணவர் ஒருவருடன் தனியே பேசுவதற்கு ஒதுக்குவதா என்று அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தனிநபர் ஆலோசனைக்கான நேரம் குறைந்தது. பாடவேளையை அட்டவணையில் காட்டலாம்; ஓர் இளைஞர் சொல்லாமல் மறைத்த துயரைக் கேட்டறிந்த அரைமணி நேரத்தை எந்த அட்டவணையில் காட்டுவது? எளிதில் அளக்க இயலாத பணியே முதலில் வெட்டப்படும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2016 முதல் அந்த நேரம் படிப்படியாக மீட்கப்பட்டது.

2020இல் தொடர்கல்வியும் உயர்கல்வியும் ஆராய்ச்சியும் அடங்கிய தனி அமைச்சகம் ஏற்பட்டது. 2022இல் தொழிற்பழகுநர் பயிற்சிக்கெனத் தேசிய அலுவலகம் தொடங்கப்பட்டது. 'டெக்' என்று ஒதுக்கப்பட்ட கல்வி, அமைச்சகத்தின் பெயரிலேயே இடம்பெறும் நிலைக்கு உயர்ந்தது.

இப்பணிகளுக்குச் செல்லும் வழி

அயர்லாந்தில் வழிகாட்டல் ஆலோசகராக விரும்புவோர், இளநிலைப் பட்டத்துக்குப் பின் வழிகாட்டல் ஆலோசனையில் முதுநிலைத் தகுதி பெற வேண்டும். மனித வளர்ச்சி உளவியல், ஆலோசனைத் திறன்கள், தொழில்வாழ்வு பற்றிய கோட்பாடுகள், உளத்திறன் சோதனைகள், தொழில் அறம் ஆகியன அதில் பயிற்றுவிக்கப்படுகின்றன. நூலறிவுடன், மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் களப்பயிற்சியும் உண்டு. பள்ளியில் பணியாற்ற ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்திருத்தலும் வேண்டும். 1995இல் அமைந்த தேசியக் கல்வி வழிகாட்டல் மையம், பணியிலிருப்போர்க்குத் தொடர்பயிற்சிகளை வழங்குகிறது.

தலைமைப் பொறுப்பை விரும்புவோர்க்குக் கற்பித்தல் பட்டறிவுடன், கல்வி மேலாண்மை அறிவும், நிதியைக் கையாளும் நேர்மையும், உள்ளூர்த் தொழில்நிலையை அறியும் ஆர்வமும் தேவை. தொழிற்சாலை ஒன்று மூடப்படும் செய்தி வந்தால், அடுத்த மாதம் எத்தகைய பயிற்சி தேவைப்படும் என்று அன்றே எண்ணத் தொடங்குபவரே தக்க தலைவர்.

இவ்விரு பணிக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. அது செவி கொடுத்தல். ஆலோசகர் தம் முன் அமர்ந்திருக்கும் ஒருவருக்குச் செவி கொடுக்கிறார். தலைவர், ஆலோசகர் வழியாக வரும் பலரது குரலுக்குச் செவி கொடுக்கிறார். ஆலோசகர் கேட்டறிந்தது தலைவரை எட்டாவிடில், வகுப்புகள் மக்கள் தேவையிலிருந்து விலகிப்போகும். தலைவர் வாயிலைத் திறவாவிடில், ஆலோசகர் காட்டும் வழி மூடிய கதவில் போய் முடியும்.

நிறைவாக

தொழிற்கல்வியைத் தாழ்வாகக் கருதிய காலத்திலிருந்து, அதனை ஏணியின் இன்றியமையாப் படியாக ஏற்கும் காலத்துக்கு அயர்லாந்து வந்து சேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. சட்டங்களும் நிதியும் அம்மாற்றத்துக்குத் துணை நின்றன. ஆயினும் கற்க வந்த ஒவ்வொருவர்க்கும் அந்நெடிய வரலாறு ஒரு சிறு அறையில்தான் தொடங்குகிறது. அங்கே ஒரு மேசை, ஒரு படிவம், எதிரே அமர்ந்து பொறுமையுடன் கேட்கும் ஒருவர். "கண்ணாடியை மறந்துவிட்டேன்" என்பவரிடம் கண்ணாடியைப் பற்றிக் கேளாமல், அவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்பவர் அவர். அப்படிக் கேட்பதற்கு அவருக்கு நேரமும் உரிமையும் உண்டாக்கித் தருவது தலைமை. வழியைச் சொல்வது வழிகாட்டல். எவ்வழியில் செல்வது என்று துணிந்து நடப்பது கற்பவரின் உரிமை. மூன்றும் தத்தம் இடத்தில் நிற்கும்போதே கல்வி அனைவர்க்கும் உரியதாகிறது.

கற்பவை கற்றபின்

1. தொழிற்கல்வி உயர்ந்ததா, பொதுக்கல்வி உயர்ந்ததா என்னும் வினாவே பொருத்தமானதா? வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. மாணவர் ஒருவர் வழிகாட்டல் ஆலோசகரிடம் கேட்கத்தக்க ஐந்து வினாக்களை உருவாக்குக.

குறுவினா

1. ஆற்றுப்படுத்துவோனின் சொல் நம்பத்தக்கதாவதற்குக் காரணம் யாது?

2. 1995ஆம் ஆண்டு எழுத்தறிவு ஆய்வு அயர்லாந்துக்கு உணர்த்திய உண்மை யாது?

சிறுவினா

1. தேசியத் தகுதிக் கட்டமைப்பு தொடர்கல்வியின் மதிப்பை எவ்வாறு உயர்த்தியது? விளக்குக.

2. 'எளிதில் அளக்க இயலாத பணியே முதலில் வெட்டப்படும்' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

நெடுவினா

கணினிப் படிப்பை நாடி வந்த பெண்மணியின் சூழலில் முதல்வர், ஆலோசகர் ஆகிய இருவரின் நிலைப்பாடுகளையும் எடுத்துரைத்து, அச்சிக்கலுக்குப் பாடம் கூறும் தீர்வைப் பற்றிய உம் கருத்தைத் தொகுத்து எழுதுக.